கேந்தியைத் தொடாதே

சங்கரன்கோவில்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பேசிவிடுகிறாய். அதனால்தான் இந்த மெயில். இதில் நீ குறுக்கே வர முடியாது.

முதலில் ராயகிரி விஷயம். அப்பா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பார். நம் 'நாலுமுழம்' பூக்கடை சைட்டில், 'வாசலுக்குச் செண்டுமல்லி, இருபது முழம்' என்று ஓர் ஆர்டர் வந்தது. அனுப்பியவர் உங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார். விசேஷம் ராயகிரியில், அவர் தங்கை வீட்டுப் பால்காய்ப்பு. அப்பா பூ மார்க்கெட்டில் ஏலத்துக்குப் போயிருந்தார். நம் மாலைக்கடையில் இருந்தது போன மாதம் புதிதாகச் சேர்ந்த உச்சிமாகாளி அண்ணன் மட்டும்தான். அவர் போனைப் பார்த்துவிட்டு, "செண்டு, மல்லி. நடுவுல கமா போட மறந்துட்டாவ போல" என்று சொல்லி, மல்லிகைப் பூவை இருபது முழமும் கையில் பிடிக்கிற பூச்செண்டு ஒன்றும் கட்டி, பைக்கில் கொண்டுபோய்விட்டார்.

திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த வீட்டுக்காரம்மா என்னைய பிச்சி எடுத்துட்டாவ, அண்ணாச்சி. வாசலுக்கு எவனாவது மல்லியைக் கட்டுவானான்னு கேக்காவ. நான் செண்டைக் கையில வச்சிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி நிக்கேன்."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு, "கேந்தின்னு போட்டிருந்தா இந்த வம்பு உண்டா? இந்தச் செண்டுமல்லி எங்கனருந்துட்டி வந்துச்சு?" என்று என்னைப் பார்த்தார். சைட்டில் அந்தப் பெயரைப் போட்டது நீ என்று நான் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்லுகிறேன்.

இரண்டாவது, சைட்டுக்கு நான் எழுதும் கட்டுரைகள். நீ கேட்டபடி 'செண்டுமல்லியின் பத்துப் பயன்கள்' எழுதினேன். ஏழாவது பயனோடு எனக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது. எட்டாவதாக 'கண்ணுக்கு இனிமை', ஒன்பதாவதாக 'மனதுக்கு மகிழ்ச்சி' என்று எழுதினேன். பத்தாவதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. அம்மா கொஞ்சம் படித்துவிட்டு, "இதுல கதை ஏதும் வருமாட்டி?" என்று கேட்டாள். பெற்ற தாயே முழுதாகப் படிக்காததை ஊரார் எப்படிப் படிப்பார்கள்?

மூன்றாவது. பொங்கலுக்குள் சைட்டுக்கு ஆள் வராவிட்டால் மூடிவிட்டு, பழைய கம்பெனி வேலைக்கே போய்விடுவதாக அத்தானிடம் ஒத்துக்கொண்டாயாமே? அம்மா சொன்னாள். அந்த வேலையை விட்ட அன்று போனில் நீ சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூட விடக்கூடாது, அக்கா. என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. ராயகிரிக் கூத்திலிருந்தே ஒரு கட்டுரை: பூ ஒன்றுதான், பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. எழுதட்டுமா?

அன்புடன்,
அபிதா


கோயம்புத்தூர்
21 ஆகஸ்ட் 2024

ஏட்டி அபி,

ராயகிரிக்காரருக்குப் பணத்தைத் திருப்பிவிட்டேன். அவர் சைட்டில் எழுதிவைத்திருக்கும் ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை என்னால் அழிக்க முடியாது. உச்சிமாகாளி அண்ணன் மாப்பிள்ளை மாதிரி நின்றதை நினைத்து ஆபீஸ் ரூமில் தனியாகச் சிரித்தேன். ஆபீஸ் ரூம் என்றால் துணி மடிக்கிற கட்டில்தான்.

அம்மா சொன்னது உண்மை. உங்கள் அத்தான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் அத்தை தினமும் காப்பி கொடுக்கும்போது, "ஏங் கண்ணு, எப்ப வேலைக்குப் போறே?" என்று கேட்கிறார். கோபமாகக் கேட்டால் சண்டை போடலாம். பாசமாகக் கேட்கிறார். பொங்கல் என்று நானே ஒரு கெடு வைத்துக்கொண்டேன்.

இப்போது தொழில். வெளியூரில் இருக்கிறவன் நம் ஊரில் நடக்கும் விசேஷத்துக்குப் பூ வேண்டும் என்று தேடினால் முதல் பக்கத்தில் நாம் வர வேண்டும். அதற்கு மற்ற சைட்டுகள் 'இங்கே போய்ப் படியுங்கள்' என்று தங்கள் பக்கத்தில் நம்மைக் காட்ட வேண்டும். அதுதான் லிங்க். மாலை விற்கிற பக்கத்துக்கு யாரும் லிங்க் கொடுக்க மாட்டார்கள். நல்ல கட்டுரைக்குக் கொடுப்பார்கள். அதற்காகத்தான் உன்னைப் பிடித்தேன்.

உன் யோசனை பரவாயில்லை, எழுது. ஆனால் 'கேந்தி' என்று தேடுகிறவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். 'செண்டுமல்லி', 'ஜாதிமல்லி' இந்த இரண்டும்தான் தேடலில் ஓடுகிற வார்த்தைகள். அதை மனதில் வைத்துக்கொள்.

பேர் போடச் சொல்லி நீ கேட்பாய் என்று தெரியும். எல்லாக் கட்டுரையும் 'எழுதியவர்: நிர்வாகி' என்றே இருக்கட்டும். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை எழுதியது என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்? கோபப்படாதே.

பொன்மணி


சங்கரன்கோவில்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

கட்டுரையை இணைத்திருக்கிறேன். காலாண்டுத் தேர்வுக்கு நடுவில் எழுதியது. வேதியியல் எப்படி எழுதினேன் என்று மட்டும் கேட்காதே.

இதற்காகப் பூ மார்க்கெட்டில் ஒரு வாரம் காலையில் அப்பாவோடு போய் நின்றேன். முதல் நாள் யாரும் பதில் சொல்லவில்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பூ கொண்டுவருகிற ஓர் அம்மா, "பேரைக் கேட்டு என்ன செய்யப் போறே, மக்கா? பூவை வாங்கு" என்றாள். மறுநாள் நான் வேறு மாதிரிக் கேட்டேன். அவள் மூட்டையைக் காட்டி, "இது செண்டுமல்லிதானே?" என்றேன். அவ்வளவுதான். சுற்றியிருந்த எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

"எவன் சொன்னான் செண்டுமல்லின்னு? கேந்தி."

"மெட்ராஸ்ல எங்க மச்சான் வேற என்னமோ சொல்லுதான் வே."

"அவன் பிச்சிக்கே ஜாதிமல்லிங்கான். அவன் பேச்சை எடுக்காதீரும்."

ஆளைப் பேசவைக்க வேண்டும் என்றால் கேள்வி கேட்கக் கூடாது, தப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

கட்டுரை ராயகிரி பால்காய்ப்பில் தொடங்குகிறது. உச்சிமாகாளி அண்ணன் பேசியதை அவர் பேசியபடியே போட்டிருக்கிறேன், அவர் சம்மதித்துவிட்டார். பிறகு கேந்தி, பிச்சி, செவ்வந்தி, கொழுந்து என்று ஒவ்வொன்றும் எந்த ஊரில் என்ன பெயர் எடுக்கிறது என்று வரும். கடைசியில் வாசகரிடம், 'உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?' என்று கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்து. நீளம் என்றால் வெட்டு. கேந்தியைத் தொடாதே.

அபிதா


சங்கரன்கோவில்
3 அக்டோபர் 2024

பொன்மணி அக்காவுக்கு,

கட்டுரையைச் சைட்டில் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில், என் தோழிகள் சுற்றி நிற்க, பெருமையாகத் திறந்து பார்த்தேன்.

நான் எழுதியது: 'கோயம்புத்தூரில் செண்டுமல்லி என்பதை நாங்கள் கேந்தி என்போம்.'

சைட்டில் இருப்பது: 'கோயம்புத்தூரில் செண்டுமல்லி என்பதை நாங்கள் செண்டுமல்லி என்போம்.'

நான் எழுதியது: 'எங்கள் ஊர்க் கடையில் ஜாதிமல்லி என்று கேட்டால் முழிப்பார்கள், பிச்சி என்று கேளுங்கள்.'

சைட்டில் இருப்பது: 'எங்கள் ஊர்க் கடையில் ஜாதிமல்லி என்று கேட்டால் முழிப்பார்கள், ஜாதிமல்லி என்று கேளுங்கள்.'

உச்சிமாகாளி அண்ணன் சொல்வதாகச் சைட்டில் இருப்பது: 'அந்த வீட்டுக்காரம்மா என்னைய ஜாதிமல்லி எடுத்துட்டாவ, அண்ணாச்சி.'

என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. கட்டுரையை நீ படிக்கவே இல்லை. கம்ப்யூட்டரிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது வருகிற இடத்திலெல்லாம் இன்னொன்றைப் போடச் சொல்லிவிட்டாய். பிச்சி என்று எங்கே பார்த்தாலும் அதற்குப் பூவாகத்தான் தெரியும். அதற்கு மூளை இல்லை. உனக்கு இருக்கிறது.

'என்னைய ஜாதிமல்லி எடுத்துட்டாவ' என்று தோழிகள் வகுப்பில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கட்டுரையில் என் பேர் இல்லாததற்கு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

நீ அங்கே போய் ஊர்ப் பேச்சை மறந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என் கட்டுரையும் மறக்க வேண்டும் என்று நினைத்தாயே, அதுதான். இனி பத்துப் பயன்களை நீயே எழுதிக்கொள்.

அபிதா


கோயம்புத்தூர்
13 அக்டோபர் 2024

அபி,

உன் மெயிலைப் பார்த்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். 'எல்லாம் உன் நல்லதுக்குத்தான்' என்று ஆரம்பித்தேன். எனக்கே பொறுக்கவில்லை, அழித்துவிட்டேன். அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. வரிசையாகச் சொல்லுகிறேன்.

நான் படிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நீ சொன்ன அதே வேலையைத்தான் செய்தேன். ஒரு பொத்தான். தப்பு என்னுடையது.

சரி பண்ணிவிடலாம் என்று பக்கத்தைத் திறந்தால், கீழே கருத்துகள் வந்து குவிந்து கிடக்கின்றன. பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் அந்தச் செண்டுமல்லி வரியைப் படம் பிடித்துப் போட்டு, 'எங்க ஊர்ல இட்லியை இட்லின்னு சொல்லுவோம், உங்க ஊர்ல எப்படி?' என்று எழுதிவிட்டார். அது ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. ஆயுத பூஜைக்கு எல்லார் கையிலும் அந்தப் பூதானே! சிரிக்க வந்தவர்கள் கட்டுரை முழுவதையும் படித்திருக்கிறார்கள். பிறகு ஆளாளுக்கு, 'எங்கள் ஊரில் இதற்குப் பேர் இது' என்று சண்டை போட்டிருக்கிறார்கள். தர்மபுரிக்காரர் ஒன்று சொல்ல, நாகர்கோவில்காரி அவரை மறுக்க, தென்காசிக்காரர் இருவரையும் திட்ட, ஒரே அமர்க்களம்.

தப்பாக ஒன்றைச் சொன்னால்தான் ஆள் பேசும் என்று எழுதியிருந்தாயே. இப்போதுதான் அந்த மெயிலையும் ஒழுங்காகப் படித்தேன்.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'அப்ப சங்கரன்கோவில்ல என்னதான்யா சொல்லுவீங்க?' அதற்குப் பதில் உன் கட்டுரையில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் இனி ஓர் எழுத்தைத் தொட மாட்டேன். என்ன செய்யட்டும், சொல்லுட்டி.

அக்கா


சங்கரன்கோவில்
15 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஆனால் தர்மபுரிக்காரரையும் நாகர்கோவில் அம்மாவையும் படித்தேன். படிக்கப் படிக்கக் கை துறுதுறுவென்று வந்தது.

என் கட்டுரையை நான் எழுதியபடியே போடு. தப்பை மறைக்காதே. மேலே, 'எங்கள் கம்ப்யூட்டருக்கு நெல்லைத் தமிழ் தெரியாததால் முதலில் இப்படி வந்துவிட்டது' என்று சொல்லி, அந்த மூன்று வரிகளையும் காட்டிவிடு. சிரிக்க வருகிறவர்கள் ஏமாந்து போகக் கூடாது.

கருத்துகளில் வந்த பெயர்களை மாவட்ட வாரியாக நான் அடுக்கித் தருகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவருடைய ஊர் இருக்க வேண்டும். தன் ஊர்ப் பேர் இருக்கிற பக்கத்தை ஆள் தன் நண்பர்களுக்குக் காட்டாமல் இருப்பாரா? நீ கேட்ட லிங்க் இதுதானே?

மேலே 'எழுதியவர்: அபிதா, சங்கரன்கோவில்' என்று இருக்க வேண்டும். பிளஸ் ஒன் என்பதையும் போடு. மதிக்காதவர்கள் மதிக்காமல் போகட்டும்.

அபிதா

பி.கு: உச்சிமாகாளி அண்ணனுக்கு அவர் வசனம் புகழ்பெற்றது தெரிந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம், "அந்த ஜாதிமல்லி எடுத்த ஆளு நான்தான்" என்கிறார்.


கோயம்புத்தூர்
24 நவம்பர் 2024

ஏட்டி எழுத்தாளரே,

உட்கார்ந்துகொண்டு படி.

ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை தன் பக்கத்தில் 'வட்டார வழக்கு: படிக்க வேண்டியவை' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறது. அதில் உன் கட்டுரைக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள். மாடித் தோட்டம் போடுகிறவர்களின் சைட்டில் இரண்டு இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். மலேசியாவிலிருந்து தமிழாசிரியர் ஒருவர் தன் வலைப்பூவில், தன் மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டதாக எழுதி, கீழே நம்மைக் காட்டியிருக்கிறார். நான் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. என் தொழிலில் இப்படி நடக்கும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. ஷார்ஜாவிலிருந்து முகம்மது அர்ஷத் என்பவர் கூப்பிட்டார். கடையநல்லூர்க்காரர். டிசம்பரில் அவர் தங்கை நஸ்ரின் பானுவின் நிக்காஹ். லீவு கிடைக்கவில்லை, வர முடியாது. "நான் வராட்டியும் நான் வாங்கின பூ அவ தலையில இருக்கணும்" என்றார். எப்படி நம்மைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "பிச்சிப்பூன்னு அடிச்சேன், உங்க பக்கம்தான் முதல்ல வந்துச்சு. நம்ம ஊரு ஆளுவதான்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

கேட்டாயா? நான் அழித்த சொல்லைத்தான் அவர் தேடியிருக்கிறார். தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேனே தவிர, தேடுகிற ஆள் யார் என்று நான் பார்க்கவே இல்லை. பாலைவனத்தில் உட்கார்ந்து ஊருக்குப் பூ வாங்குகிறவன் அம்மா சொன்ன சொல்லைத்தானே அடிப்பான்!

பனிக்காலத்தில் பிச்சி கிடைக்குமா என்று அப்பாவைக் கேட்டுச் சொல். இது ராயகிரி மாதிரி ஆகிவிடக் கூடாது. பொங்கல் பக்கத்தில் வந்துவிட்டது.

அக்கா


சங்கரன்கோவில்
22 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

கடையநல்லூர் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அப்பா சுலபமாகச் செய்துவிட்டார் என்று நினைக்காதே. பனியில் பிச்சி வரத்து பாதிக்குப் பாதி. ஏலத்தில் எல்லோரும் அதற்கே போட்டி போடுகிறார்கள். கடைசியில் அப்பா அந்தக் கரிவலம் அம்மாவிடம் போய், கட்டுரையில் அவள் சொன்னதை நான் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். "நான் சொன்னதையா போட்டிருக்கா? அந்தப் பிள்ளைக்கா பூ?" என்று கேட்டு, ஏலத்துக்கு எடுத்து வைத்திருந்த கூடையை அப்படியே அப்பா பக்கம் தள்ளிவிட்டாளாம். விலை மட்டும் குறைக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டதால் நானும் வண்டியில் போனேன். பெண்ணின் பெரியப்பா தாவூது என்பவர் வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார். பெட்டியைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார்.

"இது பிச்சிதானா? ஜாதிமல்லி கீதிமல்லின்னு எதையாவது கொண்டாந்துறலையே?"

உச்சிமாகாளி அண்ணன் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்துவிட்டேன். "பிச்சியேதான், பெரியப்பா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ். உள்ள வாங்க. பிரியாணி சாப்பிடாம போவக் கூடாது." பூ வைத்த பிறகு நஸ்ரின் அக்காவை வீடியோவில் அர்ஷத் அண்ணனுக்குக் காட்டினார்கள். அவர் போன் பக்கம் மூக்கைக் கொண்டுவந்தார். "வாசம் இங்கன வருது" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தார்கள். நஸ்ரின் அக்கா மட்டும் அழுதாள்.

இன்னொன்று. எங்கள் தமிழ் ஆசிரியை தங்கபாய் டீச்சர், யாரோ அனுப்பினார்கள் என்று ஒரு கட்டுரையை அச்செடுத்து வந்து வகுப்பில் வாசித்தார். முதல் வரியிலேயே எனக்குக் காது சூடாகிவிட்டது. தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சர் எல்லாவற்றையும் ரசித்து வாசித்து முடித்து, "இப்படி எழுதணும்டி, பிள்ளைகளா. இதை எழுதினது..." என்று தாளை மேலே திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஏட்டி, இது நீயா?"

நான் எழுந்து நின்றேன். நிற்கச் சொன்னாரா என்று ஞாபகம் இல்லை.

அபிதா


கோயம்புத்தூர்
12 ஜனவரி 2025

என் அபிக்கு,

பொங்கல் வந்துவிட்டது. நான் கம்பெனிக்குப் போகவில்லை.

நானாக அறிவிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அத்தை முந்திக்கொண்டார். இன்று காப்பியைக் கொடுத்துவிட்டு, "ஏங் கண்ணு, இத்தன ஆர்டர ஒருத்தியா எப்படிப் பாப்பே? கூட ஒரு புள்ளய வேலைக்கு வெச்சுக்கோ" என்றார். உங்கள் அத்தான் சிரிப்பை அடக்கத் தம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார். துணியைக் கட்டிலிலிருந்து எடுத்துவிட்டு, எனக்கு ஒரு மேசை வாங்கிப் போட்டிருக்கிறார்.

மாலையில் பொங்கலுக்குப் பூ வாங்க இங்கே பூ மார்க்கெட்டுக்குப் போனேன். பழக்கத்தில் 'செண்டுமல்லி' என்று வாய்வரை வந்துவிட்டது. வேண்டுமென்றே, "கேந்தி கொடுங்கண்ணே" என்றேன். கடைக்காரர் முழிப்பார் என்று பார்த்தால், "நீங்க திருநெல்வேலிப் பக்கமுங்களா? செண்டுமல்லிய அங்க அப்படித்தானுங்களே சொல்லுவாங்க? போன்ல படிச்சனுங்க" என்றார். எழுதியது என் தங்கச்சி என்று சொன்னேன். ஒரு கை அள்ளிக் கூடப் போட்டார்.

உன் கட்டுரையில் உன் பேர் அக்டோபரிலேயே ஏறிவிட்டது. பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் இன்னும் 'நிர்வாகி' என்றுதான் இருந்தது. அவற்றையும் நீதானே எழுதினாய், பத்தாவது பயன் உட்பட? இன்று மேசையில் உட்கார்ந்து செய்த முதல் வேலை, நிர்வாகி வருகிற இடத்திலெல்லாம் அபிதா என்று மாற்றியதுதான். சைட்டைப் போய்ப் பார்.

அக்கா


சங்கரன்கோவில்
13 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

பார்த்தேன். நீ மறுபடியும் அதே பொத்தானை அமுக்கியிருக்கிறாய்.

ஆர்டர் போடுகிற பக்கத்தில், 'மாலை வரத் தாமதமானால் அபிதாயைத் தொடர்புகொள்ளவும்' என்று இருக்கிறது. 'கடவுச்சொல்லை மறந்தவர்கள் அபிதாயை அணுகவும்' என்று இருக்கிறது. 'இத்தளத்தின் எல்லா உரிமைகளும் அபிதாக்கே' என்றும் ஓர் இடத்தில் பார்த்தேன். அப்பா அதை உச்சிமாகாளி அண்ணனிடம் படித்துக் காட்டி, "இனி சம்பளமும் அவகிட்டயே கேளும் வே" என்கிறார்.

இலக்கணப்படி 'அபிதாவை' என்றுதான் வர வேண்டும். தங்கபாய் டீச்சர் பார்த்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். இருக்கட்டும் அக்கா, இதையும் தொடாதே.

அபிதா